யாரு கேட்டா?

ஜனவரி 11

அக்கா,

உன் நம்பருக்கு அடித்தால் யாரோ ஒருத்தி "இந்த எண் உபயோகத்தில் இல்லை" என்று ராகம் போடுகிறாள். அதனால்தான் நீ வேலை பார்க்கும் சலவைக்கூடத்து விலாசத்துக்கு எழுதுகிறேன். சூப்பர்வைசர் அம்மா இன்னும் அங்கே இருந்தால், உன் புருஷன், அந்த மாமா கண்ணில் படாமல் உன் கையில் சேர்த்துவிடுவார்.

நான் வீட்டை விட்டு ஓடிவந்த பிறகு நீயும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. உன்னிடம் மட்டும் சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது. உன் தங்கச்சி பாடகி. தலையை ஆட்டி உருகிப் பாடுகிற பாடகி இல்லை. ராப். மைக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் திட்டுவது. சின்ன வயதில் இதைச் செய்ததற்கு உன்னிடம் கரண்டிக்காம்பால் வாங்கியிருக்கிறேன். இப்போது டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து கேட்கிறார்கள்.

ஆரம்பம் ஒரு கார் நிறுத்தும் கிடங்கில். ரெண்டு பேரை எதிரெதிரே நிறுத்தி வார்த்தையால் கிழிக்க விடுவார்கள். யார் வாயடைத்துப் போகிறாரோ அவர் தோற்றவர். கை நீட்டக்கூடாது என்பது பேச்சுக்குத்தான். முதல் நாளே சுத்தியல் என்ற பட்டப்பேர்க்காரன் செத்துப்போன நம் அம்மாவை இழுத்தான். மைக்காலேயே அவன் மூக்கில் ஒன்று வைத்தேன். ரத்தம் ஸ்பீக்கர் மேல் தெறித்தது. கூட்டம் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டது. அப்புறம் வாய்ப்புத் தருகிறேன் என்று தொடையில் கை வைத்த ஒரு பெரிய மனுஷனின் சுண்டுவிரலை மடக்கினேன், அது சொடக்குப் போட்டது. இப்படித்தான் ஏறி வந்தேன்.

அந்த இடத்துக்கு ஒரு சட்டம் உண்டு. பாடுவது சொந்தக் கதையாக இருக்க வேண்டும். இரவல் காயத்துக்குக் கைதட்டு கிடையாது. என் பேர் சில்லு. உடைந்த முன்பல் வழியே காற்று சீறும், அதனால் வந்த பேர். என் பெரிய பாட்டின் பேர் "யாரு கேட்டா?" நான் ஒரு வரி எடுத்துக் கொடுப்பேன், மைதானமே பதில் கத்தும்.

உதடு கிழிஞ்சா? யாரு கேட்டா!
ஊரே முழிச்சா? யாரு கேட்டா!
பல்லு தெறிச்சா? யாரு கேட்டா!

யாருடைய வார்த்தை என்று உனக்குத் தெரியும். என்னிடம் இப்போது தாழ்ப்பாள் உள்ள வீடு இருக்கிறது. வந்துவிடு அக்கா.

சில்லு


ஜனவரி 30

குட்டி,

சில்லு என்றெல்லாம் என்னால் கூப்பிட முடியாது. கழுதைக்குப் பட்டுக்குஞ்சம் கட்டினாலும் எனக்கு நீ குட்டிதான். உலர்த்தும் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். காகிதம் சூட்டில் சுருண்டுகொள்கிறது.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் உன் பாட்டு எனக்கு முன்பே தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்க உனக்குத் தோன்றியிருக்காது.

மாமா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார் என்பதை மறந்துவிட்டாயா? அந்தப் பிள்ளைகள் காலையில் ஏறினதிலிருந்து இறங்குகிறவரை உன் பாட்டைத்தான் கத்துகிறார்கள். ஒரு பொடிசு முன்வரியைச் சொல்லும். மற்றதெல்லாம் சேர்ந்து "யாரு கேட்டா!" இவர் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு ஓட்ட வேண்டும், ஏனென்றால் டிரைவர் மாமா என்றால் அவர்களுக்கு உயிர். அது என்னை அடிக்கும்போது தன் வாயிலிருந்து வந்த சொல் என்று அவருக்கு மட்டும் தெரியும். அந்த பஸ்ஸில் வேறு யாருக்கும் தெரியாது. சிரித்ததை எல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்.

முன்னே எப்போதாவது அடி விழும். இப்போது பள்ளிக்கூடம் நடக்கிற நாளெல்லாம் விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை எனக்கும் விடுமுறை. போனைச் சுவரில் அடித்தது கூட அன்றைக்கு ஒரு பிள்ளை நன்றாகப் பாடியதால்தான்.

இன்னொன்று. உன் பாட்டில் "என்னை அடிச்சான்" என்று வருகிறது. உன்னை அவர் அடித்ததில்லை குட்டி. நீ கட்டிலுக்குக் கீழே இருப்பாய், நான்தான் மேலே இருப்பேன். உன் பல் போனது இந்தச் சலவைக்கூடத்தில். பள்ளி விடுமுறைக்கு என்னோடு வந்து, ஈரத்தரையில் ஓடி, வழுக்கிக் குழாயில் முகத்தை இடித்துக்கொண்டாய். உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினது அவர்தான். பேட்டியில் அவர் உடைத்ததாகச் சொல்லியிருக்கிறாயாம். அவர் செய்தது போதாதென்று செய்யாததையும் ஏன் சேர்க்கிறாய்?

அந்தப் பாட்டைக் கொஞ்ச நாள் பாடாமல் இரு. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா


பிப்ரவரி 8

அக்கா,

கடிதத்தைப் படித்துவிட்டு உடை மாற்றும் அறைக் கண்ணாடியைக் குத்தினேன். கையில் தையல். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

பாட்டை நிறுத்து என்று என்னிடம் சொல்கிறாய். அடிக்காதே என்று அவனிடம் சொன்னாயா? பாடுகிற வாயை மூடுவது உனக்கு எப்போதும் சுலபம். நான் நிறுத்தினால் பிள்ளைகள் நிறுத்துவார்களா? பாட்டு என் கையை விட்டு எப்போதோ போய்விட்டது. கல்யாண வீட்டில் போடுகிறார்கள், கட்சி ஊர்வலத்தில் போடுகிறார்கள், ஒருத்தன் அதைத் தோளில் பச்சை குத்தியிருக்கிறான்.

பல் விஷயத்துக்கு வருகிறேன். பேட்டி எடுத்த பெண் "பல்லு எப்படிப் போச்சு?" என்றாள். குழாயில் இடித்துக்கொண்டேன் என்று சொன்னால் எவன் டிக்கெட் வாங்குவான்? அவன் உன் விரலை ஒடித்தான், உன் காதைக் கிழித்தான், கணக்கில் ஒரு பல் கூடினால் குடியா முழுகிவிடும்? "என்னை" என்று பாடுவதும் அப்படித்தான். "எங்க அக்காவை" என்று போட்டுப் பார்த்தேன், தாளத்தில் உட்காரவில்லை. கட்டிலுக்குக் கீழே இருந்தவளுக்கு வலிக்கவில்லை என்று நினைக்கிறாயா? நீ வாங்கினாய். நான் முழுவதையும் கேட்டேன். கேட்டது எனக்குச் சொந்தம் இல்லையா?

என் மேடைக்குக் காவல் நிற்கிற தடியன்கள் ரெண்டு பேர் இருக்கிறார்கள். பால் குடிக்கிற பூனை மாதிரி இருப்பார்கள், கை வைத்தால் ஆள் எழுந்திருக்க மாட்டான். ஒரு வார்த்தை சொல், அனுப்புகிறேன்.

சில்லு


மார்ச் 4

குட்டி,

நான் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லையே. ஏன் அனுப்பினாய்?

பஸ் நிறுத்தும் ஷெட்டில் டயர் கழற்றுகிற கம்பியாலேயே அடித்திருக்கிறார்கள். பிள்ளைகளை இறக்கிவிட்டு வண்டியைக் கூட்டிக்கொண்டிருந்தாராம். முகம் வீங்கி ஒரு கண் திறக்கவில்லை. ரெண்டு விலா எலும்பு, இடது தோள்பட்டை. சட்டைப்பையில் யாரோ உன் படம் போட்ட டிக்கெட்டைத் திணித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அது உன் தடியன்களின் மூளை என்று நினைக்கிறேன்.

அவர் படுத்திருந்த ஆஸ்பத்திரியின் துணிதான் எங்களுக்கு வருகிறது. மூட்டையைப் பிரித்தபோது ஒரு போர்வையில் காய்ந்த ரத்தம். யாருடையது என்று எந்தத் துணியிலும் எழுதியிருக்காது. ஆனாலும் அதைக் கையால் தேய்க்கும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. அப்படிச் சிரித்த என்னைக் கண்டு எனக்கே பயமாகிவிட்டது.

அடிக்கிற கை வலது. உன் ஆட்கள் அதை விசாரித்துக்கொண்டு வரவில்லை. இப்போது வேலைக்குப் போகாமல் நாள் முழுக்க வீட்டில் இருக்கிறார். வெந்நீர் வைத்துத் துடைத்துவிடுகிறேன், துடைக்கிற கையைப் பிடித்து முறுக்குகிறார். போன வாரம் அந்த வெந்நீரை என் மேலேயே கொட்டினார். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? ஈரப்புடவையோடு நடந்தே போய் போலீஸில் புகார் கொடுத்தேன். ஆமாம், நான்தான்.

எழுதிக்கொண்ட போலீஸ்காரப் பெண், உன் பேர் வந்ததும் தலையைத் தூக்கி, "அந்தப் பல்லு உடைஞ்ச பொண்ணு உங்க தங்கச்சியா? எம் பொண்ணு அவள்னா உயிரை விடுறா" என்றாள். நாற்காலி போட்டாள். அடுத்த நாள் மறுபடி ஸ்டேஷனுக்குப் போனபோது அவருடைய வக்கீல் வந்தார். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றைக் காட்டினார். சிறுமி, ஈரத்தரையில் வழுக்கி விழுந்து பல் உடைந்தது, கூட்டி வந்தவர் அக்காள் கணவர். "ஒருத்தி பொய்யைப் பாடிச் சம்பாதிக்கிறா, இன்னொருத்தி அதையே புகாரா எழுதுறா, கூடவே ஆளை விட்டு அடிக்கிறாங்க" என்றார். அந்தப் பெண் நாற்காலியைத் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் பேனாவை மூடிவிட்டாள்.

நீ ஒரு தடவை வாயைத் திறந்து, பல்லை அவர் உடைக்கவில்லை, அடி வாங்கியது நான் என்று சொன்னால் போதும். உன் பொய்யை நீ எடுத்துக்கொள். என் உண்மை தனியாக நிற்கட்டும்.

அக்கா


மார்ச் 21

அக்கா,

நல்ல வக்கீல் ஏற்பாடு செய்கிறேன். வீடு பார்க்கிறேன். என்ன வேண்டுமானாலும் கேள், இதைத் தவிர.

மேனேஜரிடம் சொன்னேன். குடித்துக்கொண்டிருந்த காபியை வைத்துவிட்டார். "சில்லுன்னு பேரு, போஸ்டர்ல பல்லு, சட்டையில பல்லு. பல்லு பொய்யின்னா உங்கிட்ட என்னம்மா மிச்சம்?" என்றார். அவரைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவர் காபியை எடுத்துக் குடித்துவிட்டு வந்தேன்.

மே மாதம் மைதானத்தில் எனக்கும் சுத்தியலுக்கும் போட்டி. இத்தனை பெரிய மேடை எனக்கு முன்னால் எந்தப் பெண்ணுக்கும் கொடுக்கப்பட்டதில்லை. மூக்கு வளைந்ததை அவன் மறக்கவில்லை, என்னைப் புதைக்கக் குழி தேடிக்கொண்டிருக்கிறான். நானே மண்வெட்டியை எடுத்துக் கொடுக்கவா?

நீ ஏன் இன்னும் அந்த வீட்டிலேயே இருக்கிறாய்? நான் ஓடிவரவில்லையா? உதைக்கிறவனுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு, என் பிழைப்பில் கை வைக்கிறாய். போட்டி முடியட்டும், பேசலாம்.

சில்லு


ஏப்ரல் 19

குட்டி,

தாடை உடைந்துவிட்டது. மேலும் கீழும் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். உறிஞ்சுகுழாயில்தான் சாப்பாடு. எதிர்க் கட்டில்காரி என்னைப் பார்த்து, "குடுத்து வச்சவம்மா, யாருக்கும் பதில் சொல்ல வேணாம்" என்கிறாள். சிரித்தால் கம்பி இழுக்கிறது.

உன் மார்ச் மாதக் கடிதம் சூப்பர்வைசர் அம்மாவிடம் வந்த அன்று நான் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். எரித்திருக்க வேண்டும். நீ எழுதியது எனக்கு வலித்தது, இன்னொரு தடவை படித்தால் குறையும் என்று நினைத்தேன். அவன் எடுத்துப் படித்தான். "வெந்நீர் வச்சுக் குடுக்குறியாமே" என்று முதலில் சிரித்தான். அப்புறம் என் முடியைச் சுற்றிப் பிடித்து அடுப்பு மேடை விளிம்பில் முகத்தை இடித்தான். எத்தனை தடவை என்று கேட்காதே. பல் தரையில் ஓடுகிற சத்தம் கேட்டது. போதும்டா என்று சொல்லப் பார்த்தேன். வாய் இருந்த இடத்தில் வாய் இல்லை. அவன் குனிந்து, "யாரு கேட்டா?" என்றான். அப்போதும் பக்கத்து வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டுதான் இருந்தது, உன் பாட்டில்லை, வேறு ஏதோ.

சூப்பர்வைசர் அம்மா நான் வேலைக்கு வரவில்லை என்று தேடிக்கொண்டு வந்து கதவை உடைத்ததால் உயிரோடு இருக்கிறேன்.

போலீஸில் என்ன சொல்லியிருக்கிறான் தெரியுமா? நான் சமையலறை ஈரத்தரையில் வழுக்கி விழுந்தேனாம். "இந்தக் குடும்பத்துல ஈரத்தரையில விழுறதும் எம் மேல பழி போடுறதும் வழக்கம். பேப்பர் இருக்கு பாருங்க" என்று உன் பல்லின் சீட்டை நீட்டியிருக்கிறான். ஜாமீனில் வெளியே இருக்கிறான். ஜூன் மாதம் விசாரணை. அதற்குள் நீ பேசவில்லை என்றால் நான் வழுக்கி விழுந்தவளாகவே வீடு திரும்ப வேண்டும். அடுத்த தடவை எழுத நான் இருக்க மாட்டேன். பயமுறுத்தவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

அக்கா


மே 17

அக்கா,

சொல்லிவிட்டேன்.

சுத்தியல்தான் முதலில் ஆரம்பித்தான். என்னை நல்லபடியாகக் கிழித்தான். என் முறை வந்தது. பீட் போட்டார்கள். நான் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னேன். "எம் பல்லை யாரும் உடைக்கல. நான் வழுக்கி விழுந்தேன். அடி வாங்கினது எங்க அக்கா. இப்ப தாடை உடைஞ்சு ஆஸ்பத்திரியில கெடக்குறா. அவளை அடிச்சவன் அவ புருஷன்" என்றேன். எதுகை இல்லாமல் பேசி எனக்குப் பழக்கமே விட்டுப்போயிருந்தது, நாக்கு கால் இடறின மாதிரி போனது.

அப்புறம் முன்வரிசையிலிருந்து ஒருத்தன் கத்தினான். "யாரு கேட்டா?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பின்னாலிருந்தும் ஆரம்பித்தார்கள். அப்புறம் மைதானம் முழுக்க. யாரு கேட்டா, யாரு கேட்டா. பாட்டு மாதிரி இல்லை அக்கா, அவன் உன்னிடம் சொல்வானே, அதே மாதிரி. கட்டிலுக்குக் கீழே கேட்டபோது கூட எனக்கு அப்படிப் பயமாக இருந்ததில்லை. பாட்டில்கள் வந்தன. ஒன்று புருவத்தில் பட்டு உடைந்தது. என் சட்டை போட்டிருந்த ஒரு பெண் மேடையில் ஏறி என் முகத்தில் துப்பினாள். சுத்தியல்தான் என்னை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினான், பாவி, அவனும் அடி வாங்கினான்.

என் பாட்டை வெளியிடுகிற கம்பெனிக்காரர்கள் கணக்கை முடித்துவிட்டார்கள். போலீஸுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன், பல் விஷயம் முழுவதும். நீ கேட்டதைச் செய்துவிட்டேன்.

இனி நான் கேட்பது ஒன்று. அந்த ரெண்டு தடியன்கள் விஷயத்தை நான் எழுதவில்லை. மேனேஜர் அவர்களை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார், அவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். டிக்கெட்டைப் பையில் யார் வேண்டுமானாலும் திணிக்கலாம். அவர்களை விட்டால் தெரிந்தவள் நீ ஒருத்திதான். கூண்டில் ஏறும்போது கேட்டால், தெரியாது என்று சொல்லிவிடு. ஒரே ஒரு தெரியாது. எல்லாம் போய்விட்டது அக்கா, இருக்கிற உடம்பு மட்டுமாவது வெளியே இருக்கட்டும். உனக்காகத்தானே அனுப்பினேன்.

குட்டி


ஜூன் 26

குட்டி,

கம்பியை எடுத்துவிட்டார்கள். வாய் ஒரு பக்கமாகத்தான் திறக்கிறது. நேற்று கூண்டில் ஏறினேன்.

முதலில் எங்கள் தரப்பில் கேட்டார்கள், சொன்னேன். வெந்நீர், விரல், காது, அடுப்பு மேடை. மெதுவாகத்தான் பேச முடிகிறது, நடுவில் எச்சில் ஒழுகுகிறது, துடைத்துத் துடைத்துச் சொன்னேன். சூப்பர்வைசர் அம்மா உடைத்த கதவைப் பற்றிச் சொன்னார். நீ எழுதிக் கொடுத்ததையும் படித்தார்கள். அதனால் அவனுடைய சீட்டு ஒன்றுக்கும் உதவவில்லை. அவன் வக்கீல் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். உன் உபகாரம் அது. நீ அந்த மேடையில் பட்டதை நினைத்து ராத்திரி பகல் அழுதிருக்கிறேன்.

அப்புறம் அந்த வக்கீல் எழுந்தார். "ஷெட்ல இவரை அடிச்ச ஆளுங்களை அனுப்பினது யாரு? உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?" என்றார்.

தெரியாது என்று சொல்லத்தான் போயிருந்தேன். உனக்கு அம்மா மாதிரி இருந்தவள் நான், அதற்குக்கூட வாய் வராதா? வந்தது. நாக்கு நுனி வரை வந்தது. எதிரே அவனைப் பார்த்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பொய் சொல்லும்போது எப்படி இருப்பேன் என்று அவனுக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் கேட்டால் விழுந்துவிட்டேன் என்று அத்தனை வருஷம் அவன் முன்னாலேயே சொன்ன ஆள் நான். அந்தப் பழைய முகத்துக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தான். அதைக் காட்டினால் மற்றதையும் பொய்யாக்கிவிடுவான்.

"தெரியும். எந் தங்கச்சி" என்றேன்.

அவன் சிரித்தான். ஜட்ஜ் அம்மா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதைச் சொன்னா உங்க தங்கச்சிக்கு என்ன ஆகும்னு தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "அவளை வளர்த்தது நான். அவளையே மறைக்காதவ, இவனைப் பத்தி எதுக்குங்க இட்டுக்கட்டணும்?" என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார். அவன் சிரிப்பு நின்றுபோனது. ஜாமீனை அங்கேயே ரத்து செய்து அழைத்துப் போனார்கள். என்னைத் தாண்டும்போது கை ஓங்கினான், விலங்கு தடுத்தது. தீர்ப்பு அப்புறம் வரும்.

என்னைத் திட்டு. உனக்கு உரிமை இருக்கிறது. உன்னைக் காட்டிக்கொடுத்துத்தான் நான் தப்பித்தேன், அதை அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நீ செய்தது எனக்காக என்பதும் தெரியும், ஆனால் ஷெட்டில் கம்பியைத் தூக்கினவர்களுக்கும் அவனுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாமல் போனால் நான் அந்தச் சமையலறையை விட்டு வெளியே வந்ததாகவே ஆகாது.

இந்தக் கடிதம் வந்து சேருவதற்குள்ளோ, சேர்ந்த அன்றோ, உன்னைக் கூப்பிட வருவார்கள். எகிறாதே, கடிக்காதே, ஓடாதே. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போ. நான் வெளியே நிற்பேன்.

அக்கா